இருபத்திரண்டு ஆண்டுகள் தற்காலிக ஆசிரியையாக இருந்து விடைபெறும் சிவமலர் அவர்களுக்கு

மலையடியில் மாலைதோறும் மதி விளக்கேற்றிய மாண்புடையீரே! தறி ஓசைக்கு நடுவே தமிழும் சட்டமும் தந்த தகைமையீரே! திருத்தணி வட்டாரத்தின் மருமகளே! வணக்கம்.

'இந்தியத் திருமகளே' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். நம் தேர்வுப் பயிற்சி வகுப்பின் பொறுப்பாளர் கஜபதி ஐயா படித்துவிட்டு, "அத எடுத்துடுப்பா. கண்ணாடி போட்டு வீட்ல மாட்டுவாங்க. நாளைக்கு எவனாவது பார்த்துட்டு கேட்டா அம்மாவுக்குத்தான் வம்பு" என்றார். எடுத்துவிட்டேன். சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. மருமகள் என்பதை மட்டும் எவராலும் அடிக்க முடியாது.

1990-இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் அகதியாக வந்து, பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஆறுமுகம் ஐயாவை மணந்தீர்கள். எங்கள் பேச்சு எங்களைவிட உங்களுக்கு நன்றாக வந்தது. தாமதமாக நுழைபவரை, "வாங்க கலெக்டரய்யா! அதே பஸ்லதான் நானும் வந்தேன், எனக்கு மட்டும் றெக்கையா மொளச்சிக்குது?" என்று வரவேற்பீர்கள். அரசுத் தேர்வில் வென்று வேலைக்குப் போனவர்கள் பலர். உங்களை மட்டும் கடைசிவரை நிரந்தரமாக்க முடியவில்லை. வகுப்பிலும் தற்காலிகம், நாட்டிலும் தற்காலிகம். தேர்தல் நாளில் உங்கள் மகள் வாக்களித்து வரும்வரை வாக்குச்சாவடி வாசலில் நின்றீர்கள்.

இந்தியரை மணந்த வெளிநாட்டுப் பெண் ஏழாண்டுகள் இங்கே வாழ்ந்தபின் குடியுரிமை கேட்கலாம். உரிய ஆவணமின்றி வந்தவர் கேட்க இயலாது. இரண்டையும் கரும்பலகையில் எழுதி, குரல் மாறாமல் விளக்கினீர்கள். அந்தக் கேள்வி தேர்வில் வந்தது. எனக்கு ஒன்றரை மதிப்பெண் கிடைத்தது. உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஆறுமுகம் ஐயா காலமானார். போன மாதம், இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க அரசு அலுவலகத்துக்குச் சென்றீர்கள். துணைக்கு நானும் வந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உங்களிடம் படித்த ஷாலினி அக்கா.

"டீச்சர், சார் இருந்தப்ப அவரு சம்சாரம்னு எழுதிக்கினு இருந்தோம். இப்ப இன்னான்னு எழுதறது? முகாமுக்குப் போகச் சொன்னாலும் சொல்லுவாங்க. ரூல்ஸ் அப்படி இருக்குது. நான் இன்னா பண்ண முடியும்?" என்று கண் கலங்கினார்.

"ஆங், சரியாத்தான் சொல்ற. அந்தப் பாடத்துல நீதான கிளாஸ்லயே பர்ஸ்ட்டு" என்றீர்கள். சிரித்தீர்கள். எங்களுக்கு இன்னும் சிரிக்க வரவில்லை.

அன்னையே! உங்கள் பொறுமையைப் பாராட்ட வந்தோம். பாராட்டுவதற்கே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பொறுமையை உங்களிடம் கேட்டவர்கள் யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய வேலைகளில் இன்று நாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம். அனுமதி குறித்த பதில் இன்னும் வரவில்லை.

வழியனுப்பு மடல்கள் நீடூழி வாழ்க என்று முடியும்; எங்கே வாழ்க என்று அவை சொல்வதில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் கஜபதி ஐயாவிடம் காட்டித் திருத்தவில்லை.

நோயின்றி, நெடுங்காலம், பொதட்டூர்பேட்டையில், உங்கள் சொந்த வீட்டில் வாழ்க!

இவண்,
மாலை வகுப்பு மாணவர்கள், பணியாளர்கள் சார்பில்
ப. முருகவேல்