மணியடித்து இறக்கிய பாட்டு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்மையார் வான்மதி அவர்களே, முன்வரிசையை அழகுசெய்யும் மூத்தோரே, ஆலன் நகரத்து அனலையும் ஃப்ரீவே சாலை நெரிசலையும் தாண்டி வந்திருக்கும் தாய்மார்களே, தமிழ் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் எங்கள் செல்லப் பிள்ளைகளே, வணக்கம்.

நகைச்சுவைக் கவிதையைப் புரிந்துகொள்வது எப்படி என்று தலைப்புத் தந்தார்கள். புரிந்துகொள்ளத் தவறியவன் பேசுகிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு இதே மேடையில் கவியரங்கம். நடுவர் நாற்காலியில் நான். மகாதேவன் ஐயா பாட வந்தார். ஆஸ்திரேலியாவில் முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவர். மகள் ஷ்யாமளாவோடு இருக்க இங்கே வந்தவர். அந்நாட்டுப் புதர்வெளிகளில் ஆட்டுக்காரரும் குதிரைக்காரரும் எதுகை போட்டுச் சிரிக்கச் சிரிக்கப் பாடுவார்களாம். அந்தப் பாணியில் தமிழில் எழுதியிருந்தார்:

மேகமொன்று வந்ததென்று மேய்ப்பன் குடை விரித்தான்;
மேகம் எட்டிப் பார்த்துக் கேட்டது: "வெயிலுக்கா, ஐயா?"

அவ்வளவுதான் பாடினார். முடிக்கும் முன்பே நான் மணியை அடித்தேன். "அங்கிள், இது கவியரங்கம். ஜோக் சொல்ற ஸ்டேஜ் இல்ல" என்றேன். அவை கைதட்டியது. அவர் தாளை மடித்துக்கொண்டு இறங்கினார்.

வேண்டாம் ஐயா, இப்போது தட்டாதீர்கள். அன்று தட்டினீர்கள், அதில்தான் நான் கெட்டேன்.

ஒரு மாதம் கழித்து, மளிகைக் கடையில் ஷ்யாமளா சொன்னார். அந்த மேய்ப்பன் ஐயாவின் நண்பராம். நான்கு ஆண்டு மழையில்லை. தீவனமில்லாமல் துடித்த ஆயிரத்து இருநூறு ஆடுகளை அவரே சுட வேண்டியிருந்தது. ஐயா உடன் நின்றார். கடைசி ஆடும் விழுந்தபின், வானத்தில் ஒற்றை மேகம் வந்தது. நண்பர் அதைக் காட்டி இந்த வேடிக்கையைச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் நண்பருக்கு அழுகை வந்ததாம்.

உணர்வுகள் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அதன் தோளருகே அழுகையை வைத்தவர்கள் நாம். எனக்கு அது மனப்பாடம். மனப்பாடம் இருந்தது, மனம் எங்கே இருந்தது? மூன்றாவது மெய்ப்பாடு இளிவரல், அதாவது இழிவு. அதை என் பங்காக வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "சிரிக்கலேன்னா பரவால்ல தம்பி. முழுசா கேட்டுட்டு சிரிக்காம இருந்திருக்கலாம்."

இருநூறு பேர் பார்க்கச் செய்த பிழை! வரவேற்பறையில் வருந்தினால் தீருமா? தேநீர்க் கோப்பையோடு கழுவினால் போகுமா? போகாது. ஆகவே, மூன்றாம் வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் மகாதேவன் ஐயா, நான் ஜைனுதீன், சபை அறியச் சொல்கிறேன்: தவறு கவிதையிலில்லை; கேட்ட காதில் இருந்தது. மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

எனக்குத் தந்த நேரத்தில் பத்து நிமிடம் மீதமிருக்கிறது. பாடுவதற்கு மனமிருந்தால் அது உங்களுடையது. மனமில்லையென்றால், அந்தப் பத்து நிமிடமும் நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு நன்றி, வணக்கம்.