கிரைண்டர் காலடியில் ஒரு பித்தளைத் தகடு

கல்யாணப் பந்தியில இலை போட்டாச்சுன்னு தெரியுது... ரசம் ஆறுறதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிட்டு இறங்கிடறேன்.

கோயம்புத்தூர் கணபதியில எங்க தெருவுல குப்புராஜ்னு ஒருத்தர். பம்ப் கம்பெனி வேலையை விட்டுட்டு, வீட்டு கார் ஷெட்லயே பட்டறை வைக்கப் பழைய மில்லிங் மெஷின் ஒண்ணு வாங்கினார். இரும்பைச் சீவி மட்டமாக்குற மெஷின். ஆள் உயரம், யானைக் கனம். முழுசா எங்க தெருவுல திரும்புமா? திரும்பாது. கழட்டினார். தலை தனியா, மேசை தனியா, உடம்பு தனியா... ஒரு யானையை மூணு நடையா குட்டியானை வண்டியில ஏத்திக் கொண்டுவந்தார்!

தலையைக் கழட்டும்போது, இடுக்குல இருந்து நகக்கனத்துல ஒரு பித்தளைத் தகடு விழுந்திருக்கு. "இதென்ன குப்பை?" வீட்டுக்கு வந்ததும் குப்பைக்கூடையில போட்டுட்டார்.

மாட்டி முடிச்சு ஓட்டினா... எல்லாம் கோணலா வெட்டுது! திங்கட்கிழமை முதல் ஆர்டர், நாப்பது பம்ப் மூடி. தவறினா பழைய கம்பெனி வாசல்ல போய் நிக்கணும். மெஷினை வித்த ஜபருல்லா பாய்க்குப் போன் போட்டார்.

"அண்ணா, இடுக்குல இருந்த தகட்டைத் திரும்ப வச்சீங்களா?"

"அந்தக் குப்பையா?"

"குப்பையா! தலை நேரா நிக்கணும்னு மூணு நாள் தேய்ச்சு, அளந்து வச்சதுண்ணா அது!"

ஓடினார். கூடையைக் கவிழ்த்தார். மனைவி சுகந்தி எட்டிப் பார்த்தாங்க.

"ஏனுங்க, குப்பையில என்ன தேடறீங்க?"

"ஒரு பித்தளைத் தகடு."

"அதுவா? கிரைண்டர் காலுக்கு அடியில வச்சிருக்கேன்."

"குடு, குடு!"

"தர மாட்டேன். பதினாறு வருஷமா கிரைண்டர் ஆடுதுன்னு சொன்னேனே, ஒரு நாளாவது காதுல விழுந்துச்சுங்களா? ஒரு வாரமாத்தான் நிம்மதியா மாவாட்டறேன். கிரைண்டருக்கு வேற ஒரு தகடு உங்க மெஷின்ல வெட்டிக் குடுத்துட்டு இதை எடுத்துக்குங்க."

"அது இல்லாம வெட்டினா கோணலா வரும், சுகந்தி!"

"வரட்டுமுங்க."

வெட்டினார். கோணலாத்தான் வந்தது. கிரைண்டர் காலுக்கு வச்சு சுவிட்சைப் போட்டா...

ஆடல! மேல வச்ச டம்ளர் தண்ணிகூட அசையல! ஏன்? அடுப்படித் தரையே சாக்கடைப் பக்கம் சரிவு. கோணல் தரைக்குக் கோணல் தகடு அப்படியே பொருந்திடுச்சு. நல்ல தகடு மெஷினுக்குப் போச்சு. திங்கட்கிழமை நாப்பது மூடியும் கண்ணாடி மாதிரிப் போச்சு.

நிலானி, அஸ்வத்... நீங்களும் ஒவ்வொரு வீட்டுல இருந்து கழட்டிக் கொண்டுவந்த மெஷின்தான். மார்கழிக் குளிர்லயும் அவனுக்கு ஃபேன் ஓடணும். கிளம்பறேன்னு சொல்லிட்டு வாசப்படியில அரைமணி நேரம் பேசுவா இவ. குப்பையாத் தோணும். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, அது எதை நிமிர்த்தி வச்சிருக்குன்னு கேளுங்க. கேக்காம நான் போட்டது சிலது உண்டு... இன்னும் தேடிட்டிருக்கேன்.

மிச்சமிருக்கிற கோணலுக்கும் பயப்படாதீங்க. கோணலே இல்லாதவங்க இந்த மண்டபத்துல யாராவது இருந்தா, கையைத் தூக்குங்க பார்ப்போம்...

ஒருத்தரும் இல்லையா? சரி, எல்லாரும் சாப்பிடப் போலாம்.