பன்னிரண்டு மணிக் கயிறு

— மாமான்னு கூப்பிடாதேன்னு இதோட மூணு தடவை சொல்லிட்டேன்.

— சரிங்க சார்.

— உச்சியில போய் நின்னு கூப்பிடு. அப்பவாவது காதுல விழுதான்னு பாக்கறேன்.

— சரிங்க சார்.

— என்னத்த சரி? நிபந்தனை ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் பனியில போட்டுட்டியா?

— இருக்கு சார். இன்னிக்கு உங்ககூட ஹல்லா மலை உச்சிக்கு ஏறிட்டா உங்க பொண்ணு யூன்சேயைக் கட்டிக்கலாம். ஏறலேன்னா இனிமே அவளுக்கு போன்கூடப் பண்ணக்கூடாது.

— பன்னெண்டு மணியானா மேல இருக்கற காவல் கொட்டகையில பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டிருவாங்க. அதுக்கப்புறம் மந்திரியே வந்தாலும் மேல விட மாட்டாங்க.

— இப்ப பதினொண்ணே கால் சார்.

— மணி பாக்கத் தெரியுது. நடக்கத்தான் தெரியலை. போன வருஷம் ஒரு பல் டாக்டர் பொண்ணு கேட்டு வந்தான். அதுக்கு முந்தின வருஷம் கோர்ட்டுல வேலை பாக்கற பையன். என்ன படிப்பு, என்ன உயரம்! அவங்களே உச்சியைப் பாக்காம இறங்கிப் போனாங்க. நீ போன்ல அனுப்பற பூனைப் படம் வரையறவன்.

— பூனைக்கு வசனமும் நான்தான் சார் எழுதறேன்.

— பெருமைதான். எங்க குவாக் வம்சத்துல அது ஒண்ணுதான் பாக்கி இருந்தது. மறுபடியும் ஏன் குனியறே?

— காலுல மாட்டின இரும்பு முள் கழண்டுடுச்சு சார்.

— நாலாவது தடவை! சந்தையில குவிச்சு வெச்சு விக்கற சாமான் அப்படித்தான் இருக்கும். என் காலைப் பாரு. ஆல்ப்ஸ்காரன் போடற பனிச்செருப்பு.

— காலையிலேர்ந்து அதைப் பாத்துட்டேதான் சார் வரேன். ஒவ்வொண்ணும் முறம் மாதிரி இருக்கு.

— இடுப்பளவு பனியில புதையாம நடக்கறதுக்கு.

— இங்க பாதை மிதிபட்டு மிதிபட்டு சிமெண்ட்டு மாதிரி ஆயிடுச்சே சார். நம்மளை நூறு பேராவது தாண்டிப் போயிருப்பாங்க. அதுல ஒருத்தர் குழந்தையை முதுகுல கட்டிட்டுப் போனார்.

— அதெல்லாம் நடக்கறதா? ஊர்வலம். மலையேறறதுன்னா ஒவ்வொரு அடியையும் யோசிச்சு வைக்கணும். உனக்கெங்க அது புரியப் போகுது. எழுந்திரு.

— சார், சத்தம் போடாதீங்க. அங்க, அந்த மரத்துக்குப் பின்னால.

— என்ன, பூனையா?

— மான் சார். முன்னங்காலால பனியைத் தோண்டி அடியில இருக்கற குட்டை மூங்கில் இலையைத் தின்னுது. ரெண்டு காதும் நம்ம பக்கமே திரும்பியிருக்கு பாருங்க.

— மான் பாக்கணும்னா மிருகக்காட்சிசாலைக்குப் போ. பெஞ்சு போட்டிருக்கான், உக்காந்து பாரு.

— அஞ்சே நிமிஷம் சார். பின்னாடி போன வருஷத்துக் குட்டியும் நிக்குது.

— நீ என் பொண்ணைக் கேட்டு வந்தியா, மானுக்கு வரன் பாக்க வந்தியா? உச்சியில ஒரு ஏரி இருக்கு. உறைஞ்ச ஏரி மேல நாப்பது மான் வரிசையா நிக்கும். முப்பத்திரண்டு தடவை ஏறியிருக்கேன், முப்பத்திரண்டு தடவையும் பாத்திருக்கேன்.

— அத்தனை மான் ஐஸ் மேல நின்னு என்ன சார் தின்னும்?

— அதை மேல போய் அதுங்களையே கேளு. என்ன, அஞ்சு நிமிஷம் ஆச்சா?

— இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.

— பாத்துத் தொலை.

— நீங்க ஏன் சார் உக்காந்துட்டீங்க?

— ஆரஞ்சு உரிக்கறேன். நடந்துட்டே தின்னா மலைக்கு மரியாதை இல்லை.

— இது மூணாவது ஆரஞ்சு சார்.

— எண்ணாதே. பூனைக்காரனுக்குக் கணக்கு எதுக்கு? மணி என்ன?

— பதினொண்ணு நாப்பத்தெட்டு. ஒரே ஓட்டமா ஓடினா பிடிச்சுடலாம்.

— குவாக் மான்சிக் ஓடறதில்லை. நீ அந்த இரும்பு முள் கட்டை இன்னொரு தடவை சரிபாரு. பாதியில அவுந்து விழுந்தா நான்தான் உங்க வீட்டுக்குப் பதில் சொல்லணும்.

— பாக்கறேன் சார்.

— வந்துட்டோம். அதோ கொட்டகை, வாசல்ல காவல்கார அம்மா.

— அட, குவாக் சாரா! வாங்க, வாங்க. பன்னெண்டு அஞ்சு. கயிறு கட்டியாச்சு.

— பாத்தியா? பாத்தியா? எல்லாம் உன்னால. முள்ளு, மானு, மான் குட்டி! போச்சு. டாக்டர் போன வழியிலயே நீயும் இறங்கிப் போ. யூன்சே நம்பரை என் முன்னாடியே போன்லேர்ந்து அழி.

— அழிச்சுடறேன் சார். ஒரு நிமிஷம். காவலர் அம்மா, இவரை உங்களுக்குத் தெரியுமா?

— நல்லா கேட்டீங்க தம்பி! இந்தக் கயிறை ஒன்பது வருஷமா நான்தான் கட்டறேன். கட்டி முடிச்சதும் டாண்ணு வந்து நிப்பாரு. ஒரு தடவைகூட மேல போனதில்லை. எனக்கு முன்னாடி இருந்தவரும் இதையேதான் சொல்லிட்டு ரிட்டயர் ஆனாரு. போன வருஷம் கூட வந்த பல் டாக்டர் தம்பி இந்த பெஞ்சுல உக்காந்து அழுதே அழுதுட்டாரு. நான்தான் டீ குடுத்தேன்.

— ஏம்மா, உங்க வேலையைப் பாருங்க.

— அதைத்தானே சார் பாத்துட்டு இருக்கேன். பலகையைப் பனி மூடிடுச்சு, நீங்க வருவீங்கன்னு காலையிலயே துடைச்சு வெச்சுட்டேன்.

— எந்தப் பலகை அம்மா?

— உச்சி ஏரியைப் பெருசா படம் போட்டு வெச்சிருக்கோமே, அதுதான் தம்பி. அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குவாரு. இடுப்புக்கு மேல மட்டும் எடுக்கச் சொல்லுவாரு.

— வீட்டு ஹால்ல மாட்டியிருக்கற போட்டோவா சார்? மேகத்துக்கு நடுவுல ஒரு ஆணி தெரியுமே?

— ஐயய்யோ, காக்கா யாரோட நூடுல்ஸையோ தூக்கிட்டுப் போகுது! இருங்க தம்பி, விரட்டிட்டு வரேன்.

— தம்பி.

— சொல்லுங்க சார்.

— என் மச்சினன் நிஜமாவே ஏழு தடவை ஏறினவன். இது அவன் காதுக்குப் போனா…

— புரியுது சார்.

— உன் பூனை ஒண்ணும் மோசமில்லை. மூஞ்சியில ஒரு களை இருக்கு.

— நன்றி சார்.

— யோசிச்சுப் பாத்தா, உச்சின்னா என்ன? ஒரு மனுஷன் எதுவரைக்கும் வர முடியுதோ அதுதான் அவனுக்கு உச்சி. நீ வந்துட்டே. கல்யாணத்தை அக்டோபர்ல வெச்சுக்கலாம்.

— மார்ச் பதினாலு சார். யூன்சே போன மாசமே மண்டபம் பேசி முடிச்சுட்டா.

— போன மாசமா? நீ உச்சிக்குப் போவியா மாட்டியான்னு தெரியாம எப்படிப் பேசினா?

— போகவே கூடாதுன்னு சொல்லித்தான் சார் அனுப்பினா. ‘அப்பாவைவிட மெதுவா நட, பன்னெண்டுக்கு முன்னாடி மட்டும் போய்ச் சேர்ந்துடாதே, மிச்சத்தைக் கயிறு கட்டற அம்மா பாத்துக்குவாங்க’ன்னா.