அச்சுக்கு முன்னால் தளவாய் போட்ட கோடு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வல்லிநாயகம் அண்ணாச்சி அவர்களே, தென்காசி, ஆலங்குளம் பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், தளவாய் அண்ணாச்சியின் மனைவி சுகந்தி மைனி அவர்களே! தளவாய் அண்ணாச்சியோடு ஒரே பட்டறையில் வெல்டிங் பார்த்த மணிமுத்துவின் வணக்கம்.

பேச எழுந்துவிட்டேன். ஆனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வியாழக்கிழமை டீ குடிக்கப் போனவர், கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனேன், சுடுகாட்டுக்குப் போனேன், தலை முழுகினேன். அழுகை வரவில்லை. டிரெய்லர் வித்தகர் என்று நாம் பட்டம் கொடுத்த தளவாய் அண்ணாச்சி எங்கே? பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார் என்று இன்று காலையிலும் குனிந்து பார்த்தேன்.

அந்த வண்டி யாருடையது? குற்றாலத்தில் சீசனுக்குச் சாப்பாட்டு டிரெய்லர் போடும் சனோபர் அக்காவுடையது. அதோ, வாசலோரம் நிற்கிறார். டிரெய்லரின் மூக்கு வந்து உட்காரும் இரும்புத் தட்டை, பிக்கப்பின் சரக்குத் தளத்தில் பொருத்த வேண்டும். எங்கே பொருத்துவது? பின்னால் தள்ளி வையுங்கள், திரும்பும்போது டிரெய்லர் கேபினில் இடிக்காது என்றார் அக்கா. அண்ணாச்சி அசைந்தாரா? அசையவில்லை! சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, வேறு பட்டறைக்குப் போகிறேன் என்றார் அக்கா. அப்போதும் அண்ணாச்சி சத்தம் போடவில்லை.

"பின் சக்கரத்து அச்சுக்குப் பின்னால பாரம் உக்காந்தா முன் சக்கரம் லேசாயிரும் தங்கச்சி. நனைஞ்ச ரோட்டுல ஸ்டியரிங்கு ஒங்க பேச்சைக் கேக்காது. ஒங்க மவளும் அதுலதான வருதா?"

அக்கா வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

அண்ணாச்சி சக்கரத்தின் நடுவுக்கு நேராக, நூலில் கட்டிய தூக்குக் குண்டைத் தொங்கவிட்டார். அச்சு எங்கே என்று பார்த்து, அதற்கு நாலு விரற்கடை முன்னால் தளத்தில் சாக்பீஸ் கோடு போட்டார். டிரெய்லரின் மூலை கேபினைத் தொடாமல் திரும்புமா என்று அட்டை வெட்டி வைத்தும் பார்த்தார். திருப்தி வந்த பிறகுதான் டீக்குப் போனார்.

பிறகு நாம் என்ன செய்தோம்? அண்ணாச்சி போட்ட கடைசிக் கோடு என்று கும்பிட்டோம். விபூதி பூசினோம், சந்தனம் வைத்தோம், மாலை போட்டுத் தண்ணீர் தெளித்தோம். இன்று காலை துளை போடப் போனால் கோட்டைக் காணோம்! எது சாக்பீஸ், எது விபூதி? கும்பிட்டே அழித்துவிட்டோம். சிரியுங்கள், அவரும் சிரித்திருப்பார். நான்தான் டிரில்லைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

பின்னால் வந்து நின்ற சனோபர் அக்கா சொன்னார்: "தளவாய் அண்ணாச்சி சொன்ன எடத்துலயே வைங்க தம்பி. நாள் ஆனாலும் நான் பொறுத்துக்கிடுதேன்."

வைப்போம்! அச்சுக்கு முன்னால்தான் வைப்போம்! இந்தப் பட்டறையிலிருந்து போகும் எந்த வண்டிக்கும் அதுதான் இடம். அது இந்த அவைக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. அந்தத் தளத்தைத் துடைத்துவிட்டு நாளை மறுபடி அளக்கிறேன்.

அளக்க அவருடைய தூக்குக் குண்டு வேண்டும். டீக்குப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மைனி, ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை என்று சொன்னீர்கள். துவைக்க வேண்டாம். குண்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.