நூற்று நாற்பது படங்கள்

கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரையச் சொன்னால், ஆசிரியர்கள் பெரும்பாலும் மூன்று கோணமும் செங்கோணத்தைவிடச் சிறியதாக இருக்கும்படிதான் வரைகிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். அதையே பார்த்துப் பழகிய மாணவன் எல்லா முக்கோணமும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறான். இதைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தேன். தேர்வுக் குழுவில் என் தங்கையின் கணவர் இருந்தார். வடிவியலில் பெரிய பெயர். புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

“மச்சான், கணக்கு வராதவங்கதான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறதப் பத்தி எழுதுவாங்க. ஆனா படம் மட்டும் அம்சமா இருக்கு.”

குழு சிரித்தது. நானும் சிரித்தேன், வீட்டு மாப்பிள்ளை அல்லவா. பதவி வேறொருவருக்குப் போனது.

அடுத்த வருடம் அவர் ஒரு பெரிய நிரூபணத்தில் இறங்கினார். அவருக்குக் கோடு நேராக வராது. படங்களை என்னிடம் கேட்டார். முதல் படத்திலேயே ஓட்டை தெரிந்துவிட்டது. ஒரு புள்ளி எப்போதும் முக்கோணத்துக்குள்ளேயே விழும் என்று அவர் நம்பியிருந்தார். ஒரு கோணம் செங்கோணத்தைத் தாண்டி விரிந்தால் அது வெளியே போய்விடும். நிரூபணம் அத்தோடு சரி. எட்டு வருடத்தில் நூற்று நாற்பது படம் வரைந்து கொடுத்தேன். எதிலும் விரிந்த கோணம் இல்லை. பொய்யாக எதையும் வரையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வருடம் இதற்காகவே அவர் வேலையை விட்டார். தங்கை இரண்டு இடங்களில் வேலைக்குப் போனாள்.

மாநாட்டன்று காலை, மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், திடீர்னு ஒரு பயம். அந்தப் புள்ளி வெளிய போயிடாதே?”

“போகாது மாப்பிள்ளை. இத்தனை படம் போட்டோமே, ஒருதடவையாவது போச்சா?”

பேச்சு தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்துபோய், மேடைப் பலகையில் விரிந்த கோணத்தோடு ஒரு முக்கோணம் வரைந்தாள். அவர் அதைப் பார்த்தபடியே நின்றார். தேர்வுக் குழுவில் சிரித்தது ஐந்து பேர். இங்கே முந்நூறு பேர்.

அதன்பிறகு அவர் பேசவில்லை. ஏழு மாதமாகிறது. தங்கைதான் ஊட்டிவிடுகிறாள். பென்சிலைக் கண்டால் அவருக்கு உடம்பு நடுங்குகிறது.

போன வாரம் அவள் கேட்டாள்: “அண்ணா, உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“முதல் படத்துலயே தெரியும்மா.”

ஏன் சொல்லவில்லை என்றாள். தவறை நாம் சுட்டிக்காட்டக் கூடாது, கற்பவரே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் என் முறை என்று விளக்கினேன். கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். இன்னொரு முறை போய் நிதானமாக விளக்க வேண்டும்.