ஒரு சேதம், ஒரு டிடக்டபிள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், இன்ஸ்பெக்டர் சார். உங்கள் எழுத்தர் நல்ல மனிதர். ஆனால் நான் "டிடக்டபிள்" என்று சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். படித்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், காய்கறிக் கடையில் சில்லறைக்காக அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பவர்கள். தாங்கள் பணம் கட்டும் பாலிசியை மட்டும் ஒருவரும் புரட்டிப் பார்த்ததில்லை.

நான் முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்றபின் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். டிடக்டபிள் என்பது சுலபமான விஷயம், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சேதம் ஏற்பட்டால் அதில் முதல் பங்கை பாலிசி எடுத்தவர் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே உள்ளதைத்தான் கம்பெனி தரும். எங்களுக்கு அந்த முதல் பங்கு ஐம்பதாயிரம். சேதம் நாற்பதாயிரம் என்றால் கம்பெனி கையை விரித்துவிடும். நான்கு லட்சம் என்றால் ஐம்பதாயிரம் போக மிச்சத்தைக் கொடுக்கும். ஒரு நிகழ்வுக்கு ஒரு டிடக்டபிள்தான்; ஒரே காரணத்தால் பத்து வீடு நாசமானாலும் அது ஒன்றுதான். மண்டையில் களிமண் கொஞ்சம் குறைவாக இருந்தாலே இது விளங்கிவிடும்.

மூன்றாம் மாடியில் பல் டாக்டர் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் பொதுக் குழாய்கள் இறங்கும் சந்து இருக்கிறது. அங்கே ஓர் இணைப்பு கசிந்தது. அதற்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், ஒரு தையற்காரி வாடகைக்கு இருந்தாள். புருஷன் இல்லை, பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை. அவளுடைய வேலை அறையில் கூரை உப்பிப் பூச்சு உதிர்ந்தது, இரண்டு துணி மூட்டைகள் நனைந்தன. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டி, முப்பத்தெட்டாயிரம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கூரையை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க சார். துணிக்கு நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்தக் கட்டடத்தில் நியாயமாகப் பேசியவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை.

சங்கக் கூட்டம் போட்டேன். குழாய் பொதுச்சொத்து, பாலிசி சங்கத்தின் பேரில் இருக்கிறது, சேதம் டிடக்டபிளுக்குள் அடங்குகிறது, ஆகவே பன்னிரண்டு வீட்டுக்காரர்களும்தான் கட்ட வேண்டும், தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம் என்று பொறுமையாகச் சொன்னேன். சொத்தை எழுதிக் கேட்டதுபோல் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"அப்போ எதுக்குங்க வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோம், தெண்டத்துக்கா?" என்று கேட்டார் ஒருவர். அவர் வங்கி மேலாளர். பிறர் பணத்தை இவரை நம்பித்தான் ஒப்படைத்திருக்கிறார்கள்.

"ஒழுகறது அந்தப் பொண்ணு வீட்டுல. அப்போ அவங்கதானே கட்டணும்?" என்றார் முதல் மாடி ஆசிரியை. வாடகைக்கு இருப்பவள் ஏன் கட்ட வேண்டியதில்லை என்று நான் விளக்கியபோது அவர் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பல் டாக்டர் சோம்பல் முறித்தபடி சொன்னார்: "நம்ம பிரச்சனை என்னன்னா, சேதாரம் பத்தலை. இன்னும் கொஞ்சம் பெருசா நடந்திருந்தா கம்பெனிக்காரன் குடுத்திருப்பான், இல்ல சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரக் கூச்சலில் வந்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். சொன்னவருக்கே அது தெரியவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை.

குழாய்க்காரர் இரண்டு முறை வந்தார். ஒரு வாரம் போகட்டும் என்று திருப்பி அனுப்பினேன். எலக்ட்ரீஷியனும் வந்து பார்த்துவிட்டு, "சார், செவுத்துல ஈரம் ஏறிட்டே இருக்கு. அந்த ரூமுக்குப் போற லைனைக் கட் பண்ணி வைங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவருக்கு இன்சூரன்ஸ் தெரியாது. சேதத்தைப் பார்க்க வரும் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, "முன்கூட்டியே தெரியுமா?" என்பதுதான். அணைத்து வைத்த ஒரு சுவிட்ச் போதும், தெரிந்திருந்தும் சும்மா இருந்தீர்கள் என்று எழுதிவிடுவார். அப்படி எழுதி எத்தனையோ கோப்புகளை நானே மூடியிருக்கிறேன். ஆகவே லைனைத் துண்டிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த தையற்காரி என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"சார், செவுத்துல கை வெச்சா ஜிவ்வுனு இழுக்குது. மெயினை அணைச்சிடட்டுமா? சீருடை எல்லாம் நாளைக்குக் குடுக்கணும், அதான் யோசிக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நீங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

அவள் நன்றி சொன்னாள். வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பத்தே காலுக்கு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். இணைப்பின் நட்டை முக்கால் சுற்றுத் தளர்த்தினேன். கூரை, துணிகள், இரண்டு மின் தையல் இயந்திரங்கள், கீழே லிஃப்ட் மோட்டார் எல்லாம் சேர்த்து நான்கு லட்சம் என்று மதிப்பிட்டிருந்தேன். என் மதிப்பீடுகள் பெரும்பாலும் தவறியதில்லை. இந்த முறை அவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்ததை மட்டும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

விஷயம் தெரிந்தபோது என் மனதில் முதலில் தோன்றியதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் பாலிசியில் உயிரிழப்புக்கும் இழப்பீடு உண்டு. அந்தக் குழந்தைக்கு நல்ல தொகை கிடைக்கும் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்கத் தைத்தாலும் அவள் அம்மாவால் அவ்வளவு சேர்த்திருக்க முடியாது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "நீங்க மனுஷனாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அந்தக் குழந்தையை அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். முப்பத்தைந்து வருடம் கூட இருந்தும் அவளுக்கும் இன்சூரன்ஸ் புரியவில்லை.

நீங்கள் இதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். ஆனால் போன வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குழாய் பழசானதால் நீர்ச்சேதம், மின்கம்பி பழசானதால் மரணம், காரணங்கள் வேறு வேறு, ஆகவே இவை இரண்டு நிகழ்வுகள், இரண்டு டிடக்டபிள் பிடிக்கப்படும் என்று யாரோ ஓர் அரைவேக்காடு எழுதியிருந்தது. கூட்டத்தில் அதை வாசித்தேன். செத்துப்போனவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இன்னொரு ஐம்பதாயிரத்தை யார் கட்டுவது என்றுதான் கத்தினார்கள்.

பல் டாக்டர் என்னைப் பார்த்து, "ஒரு டிடக்டபிள்தான்னு அடிச்சுச் சொன்னீங்களே. முப்பத்தொரு வருஷம் அங்க என்னத்த சார் கிழிச்சீங்க?" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் உங்கள் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

வேண்டுமென்றே செய்த சேதத்துக்குக் கம்பெனி ஒரு பைசாவும் தராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தராமல் போகட்டும். அந்தக் குழந்தைக்கும் எதுவும் வராது, அதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் தப்பாக எழுதிய ஒரு கோப்பை என் பெயரில் விட்டுவைக்க முடியாது. ஸ்பேனர் என் வீட்டுச் சமையலறையில் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றைத் தயவுசெய்து கம்பெனிக்கும் அனுப்பிவையுங்கள். நீர்ச்சேதத்துக்கும் அந்தப் பெண்ணின் சாவுக்கும் காரணம் இரண்டல்ல, ஒன்றுதான். அது நான்.