டிப்போவில் மூன்றாவது சுற்று

— அண்ணா, பெயிண்ட் டப்பாவைக் கீழ வை. காலைலேர்ந்து மரத்துக்கு நம்பர் போட்டுட்டே இருக்கே. எத்தனை ஆச்சு?

— நூத்திப் பதினெட்டு. பத்து வருஷம் முன்னாடி இது வெறும் பஸ் டிப்போ. டீசல் நாத்தம் குடலைப் புரட்டும். இவ்வளவும் எங்கேர்ந்து வந்துது?

— டிப்போவை மூடினப்புறம் பெரிய மரமெல்லாம் தானா முளைச்சது. ஓரத்துல இருக்கற கன்னு எங்க ஆஸ்பத்திரி பிரஷர் பேஷண்ட்ங்க வெச்சது. எங்க டாக்டர் டிப்போக்காரங்களுக்கு எழுதிப்போட்டு, ரெண்டு வருஷமா அவங்க நடக்கறதுக்குக் கேட்டைத் திறந்து விடறாங்க.

— நர்ஸம்மா உத்தரவா?

— கிண்டல் பண்ணாதே. நானே மலைச்சுப் போயிருக்கேன். கையில பட்டை கட்டி பிரஷர் பாக்கறது நான்தானே? தினம் இங்க நடக்கறவங்கள்ல பதினாலு பேருக்கு மாத்திரையக் குறைச்சாச்சு.

— ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருப்பாங்க.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களும் அதே மாத்திரைதான் சாப்பிடறாங்க. பாலம் இல்ல, இங்க வர வழியில்ல. அவங்கள்ல ஒருத்தருக்கும் பிரஷர் இறங்கலையே!

— ம்... உள்ள வந்ததும் ரோட்டுச் சத்தமே அடங்கிப் போச்சு.

— நம்பர் எதுக்கு? தண்ணி ஊத்த ஆள் போடப் போறாங்களா?

— பாக்கலாம்.

— சரி, அங்க பாரு. வெள்ளை ஷூ போட்டுட்டு வர்றது யாரு?

— யாரு... ஏய்! அம்மாவா? வாசப்படி தாண்டவே மூச்சு முட்டுமேடி! அப்பா போனப்புறம் கட்டிலை விட்டே எறங்கலையே!

— கத்தாதே. இது மூணாவது சுத்து.

— போன்ல ஏன் சொல்லல?

— ஊர்லேர்ந்து வரும்போது அவனே கண்ணால பாக்கட்டும்னு அம்மாதான் சொன்னாங்க.

— கைத்தடிகூட இல்லடி...

— டேய் பெரியவனே! வீட்டுக்கு வராம இங்க என்னடா பண்றே? கண்ணு ஏன் கலங்கியிருக்கு?

— ஒண்ணுமில்ல. நீ... நீ உக்காரும்மா.

— நாலு வருஷம் உக்காந்தது போதும். மொத நாள் பத்தடி நடந்தேன், மறுநாள் இருபது. மேல இலை அசையறதப் பாத்துட்டே போனா, கால் பாட்டுக்குப் போகுதுடா. நெஞ்சு நெறைய மூச்சு வருது. அதென்ன, எல்லா மரத்துலயும் நம்பர்?

— எங்க ஆபீஸ்ல எண்ணிட்டு வரச் சொன்னாங்கம்மா.

— எதுக்கு?

— காலைல நான் வந்தப்போ... வெட்டறதுக்குன்னுதாம்மா எண்ண ஆரம்பிச்சேன்.